நாடு கடத்தப்பட்டவரின் பிள்ளை யாரிடம் வளர வேண்டும்?

வைகைக்கரை:
அமெரிக்காவிலிருந்து பெற்றோர் நாடு கடத்தப்பட்டு, பிள்ளை மட்டும் அங்கே அரசுப் பராமரிப்பில் தங்கிவிட்டால் உரிமை யாருக்கு என்பதே என் கேள்வி. தாயோ தந்தையோ தடுப்புக் காவலில் இருப்பதாலோ நாடு கடத்தப்பட்டதாலோ அரசு ஏற்பாடு செய்யும் வளர்ப்புக் குடும்பங்களில் வாழும் பிள்ளைகள் குறைந்தது 5,100 பேர் இருப்பார்கள் என்று அப்ளைடு ரிசர்ச் சென்டர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2011இல் மதிப்பிட்டது. 1997ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி, கடந்த 22 மாதங்களில் 15 மாதங்களைப் பிள்ளை அரசுப் பராமரிப்பில் கழித்திருந்தால், சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோர் உரிமையை நீக்கக் கோரி மாநிலம் மனுத் தாக்கல் செய்தாக வேண்டும். பிள்ளையை ஒரு நாளும் அடித்தோ பட்டினி போட்டோ அறியாத தாயும், எல்லைக்கு அப்பால் இருக்கிறாள் என்பதற்காக இந்தக் கெடுவுக்குள் சிக்குகிறாள்.

கார்முகில்:
அந்தக் கெடு வீணாக வந்ததன்று. பெற்றோர் திருந்துவார்கள் என்று காத்திருந்தே பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் வீடு வீடாக மாற்றப்பட்ட காலத்துக்குப் பிறகு வந்தது அது. மிசௌரியில் 2007இல் கோழி இறைச்சி ஆலையில் நடந்த குடியேற்றச் சோதனையில் பிடிபட்ட குவாத்தமாலா பெண்ணின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையாக இருந்த மகனை ஒரு தம்பதியர் வளர்த்தனர். 2012இல் தத்து உறுதியானபோது அவனுக்கு ஐந்து வயதுக்கு மேல். அவன் அறிந்த அம்மா அப்பா அவர்களே. பெற்றவளின் துயரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஈடாக அந்தச் சிறுவனிடமிருந்து இன்னொரு வீட்டைப் பறிக்கலாமா?

செந்தாழை:
கார்முகில் அவர்கள் நடுவில் நடந்ததைத் தாண்டிச் செல்கிறார். அந்தத் தாய் சிறையில் இருக்கும்போதே, 2008இல், கீழ் நீதிமன்றம் அவருடைய உரிமையை நீக்கித் தத்துக்கு அனுமதி அளித்தது. சட்டம் விதித்த நடைமுறைகள் பின்பற்றப்படவில்லை என்று 2011இல் மாநில உச்ச நீதிமன்றமே கூறி, மறு விசாரணைக்கு உத்தரவிட்டது. முறை தவறிக் கழிந்த ஆண்டுகளே பிறகு, 'பிள்ளை பழகிவிட்டான்' என்ற வாதத்துக்கு வலுவாகின்றன. இதற்கு மாறாக, குவாத்தமாலாவுக்கு அனுப்பப்பட்ட மற்றொரு தாயின் இரு பிள்ளைகள் வழக்கில், நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் 2009இல் அவருடைய உரிமையை மீட்டுக் கொடுத்தது. எந்த நாட்டில் வாழ்க்கை வசதியானது என்று ஒப்பிட்டுப் பிள்ளையின் நலனை முடிவு செய்ய முடியாது என்பதே அங்கே எடுக்கப்பட்ட நிலை.

கார்முகில்:
தீர்ப்பு நியாயமே. ஆயினும் வேற்று நாட்டுச் சிற்றூர் ஒன்றில் அந்த வீடு பாதுகாப்பானதா என்று அமெரிக்க மாவட்டக் குழந்தை நல அலுவலர் எப்படிப் பார்ப்பார்?

வைகைக்கரை:
அவரே போய்ப் பார்க்க வேண்டியதில்லை. மெக்சிகோவின் குடும்ப நல அமைப்பான டிஐஎஃப், தூதரகத்தின் வழியாகக் கேட்டால் வீட்டைப் பார்வையிட்டு அறிக்கை தருகிறது. கேட்கத்தான் ஆளில்லை. சித்தி, மாமா போன்ற உறவினரிடம் பிள்ளை வளர்ந்தால் மனுத் தாக்கல் செய்யாமல் இருக்கவும் 1997 சட்டம் இடம் தருகிறது. ஆனால் அவர்களுக்கும் அமெரிக்காவில் தங்குவதற்கான ஆவணம் இல்லாதபோது அலுவலகப் படி ஏறவே அஞ்சுகிறார்கள். குடியேற்ற நிலையை மட்டும் காட்டி உறவினரை ஒதுக்கக் கூடாது என்று கலிபோர்னியா 2012இல் சட்டம் இயற்றியது இதனால்தான்.

கார்முகில்:
அந்த மாமாவும் நாளை பிடிபட்டால் பிள்ளை மறுபடியும் தெருவில்தானே? ஆவணமுள்ள ஒருவரைப் பெற்றோரே முன்கூட்டிக் காப்பாளராக எழுதி வைப்பது மேல். நியூயார்க் 2018இல் தன் மாற்றுக் காப்பாளர் சட்டத்தை நாடு கடத்தலுக்கும் விரிவுபடுத்தியிருக்கிறது.

செந்தாழை:
எழுதி வைக்க அவகாசம் இருந்தவர்களுக்கு அது உதவும். 2018இல் அமெரிக்க அரசால் மெக்சிகோ எல்லையிலேயே பிள்ளைகளிடமிருந்து பிரிக்கப்பட்ட பெற்றோருக்கு ஏது அவகாசம்? நானூறுக்கும் மேற்பட்ட பெற்றோர் பிள்ளையின்றி அனுப்பப்பட்டனர். அவர்களைத் தேடும் வேலையை, வழக்குத் தொடுத்த மனித உரிமை வழக்கறிஞர்களின் தலையில் கட்ட அரசு முயன்றபோது, அந்த வழக்கை விசாரித்த நீதிபதி டானா சாப்ரா அது முழுக்க அரசின் பொறுப்பே என்றார். அதே அளவுகோல் வளர்ப்புக் குடும்ப வழக்குகளுக்கும் வேண்டும்: நாடு கடத்தப்பட்டவரைக் கண்டுபிடித்து, காணொளி வழியாகவாவது அவர் சொல்வதைக் கேட்கும் வரை அந்த 15 மாதக் கணக்கு தொடங்கக் கூடாது.

கார்முகில்:
காணொளி விசாரணையில் எனக்கு மறுப்பில்லை. கணக்கை நிறுத்துவதில்தான் உடன்பட முடியவில்லை. தேடியும் பெற்றோர் கிடைக்காத பிள்ளை எத்தனை ஆண்டுகள் காத்திருக்கும்? அதற்கு ஒரு வரம்பைச் சொல்லுங்கள், மேலே பேசலாம்.