'மாடு' என்ற சொல்லின் முதல் ஒலி எது?

கேள்வி

என் மகளுக்கு 5 வயது முடிந்துவிட்டது. உயிரெழுத்துகள் 12-ஐயும் தடங்கலின்றிச் சொல்கிறாள். உயிர்மெய் எழுத்துகளிலும் பெரும்பாலானவற்றை அடையாளம் காண்கிறாள். ஆனால் 'மாடு' என்ற சொல்லின் முதல் ஒலி எதுவென்று கேட்டால் 'மா' என்றே சொல்கிறாள். புதிய சொல்லைக் கண்டால் எழுத்துகளைத் தனித்தனியே படித்துவிட்டு, அவற்றைச் சேர்க்கத் தெரியாமல் என் முகத்தைப் பார்க்கிறாள். ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் திறனை வீட்டிலேயே எப்படி வளர்க்கலாம்?

பதில் 1

'மா' என்பதைப் பிழையாகக் கருதாதீர்கள். மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே எழுத்தாக நிற்பதால், தமிழ் படிக்கும் குழந்தையின் காது முதலில் அந்த முழு ஒலியைத்தான் பிடிக்கிறது. ஆகவே சொற்களைக் கைதட்டிப் பிரிக்கும் விளையாட்டில் தொடங்கி, அது கைவந்த பிறகு எழுத்து எதையும் காட்டாமல் 'ம்ம்ம்... ஆடு' என்று நீட்டிச் சொல்லி, 'ம்' போய்விட்டால் என்ன மிஞ்சும் என்று கேளுங்கள். மாட்டுக்குள் ஓர் ஆடு ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்த குழந்தை அடுத்த சொல்லைத் தானே கேட்கும். 'வலை'க்குள் 'அலை'யைத் தேடச் சொல்லலாம். ம், ந், வ் போன்ற நீட்டி ஒலிக்கக்கூடிய மெய்களே தொடக்கத்துக்கு ஏற்றவை. க், ட், ப் ஆகியவற்றைத் தனியே ஒலிக்க முயன்றால் நம்மை அறியாமலே ஓர் உயிர் ஒட்டிக்கொள்ளும்.

பதில் 2

இதை ஏற்கிறேன், ஆனால் எழுத்தை நெடுநாள் ஒதுக்கிவைக்க வேண்டாம். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, ஒலிப் பயிற்சியை எழுத்துகளோடு இணைத்துத் தரும்போதும், ஒரு நேரத்தில் ஓரிரு திறன்களை மட்டும் எடுத்துக்கொள்ளும்போதும் பயன் கூடுவதாகக் கண்டது. 'கல்–கால்', 'படம்–பாடம்' போன்ற இணைகளைச் சொல்லிக் கேட்கவைத்து, உடனே எழுதியும் காட்டினால், துணைக்கால் எந்த ஒலிக்காக நிற்கிறது என்பது குழந்தைக்கு விளங்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: 'மரம்' என்பதை எழுத்துக்கூட்டும்போது உங்கள் மகள் கடைசி எழுத்தை எப்படி ஒலிக்கிறாள்?

கேள்வி கேட்டவர்

'ம, ர, இம்' என்கிறாள். நாங்கள்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தோம்.

பதில் 2

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. 'இம்' என்பது அந்த எழுத்தைச் சுட்டும் பெயர், அதன் ஒலியன்று. 'ம, ர, இம்' என்பவற்றை எவ்வளவு விரைவாகச் சேர்த்தாலும் 'மரம்' வராது. முன்னால் இகரம் சேர்க்காமல், உதடுகளை மூடி 'ம்ம்' என்று மட்டும் ஒலித்துக் காட்டுங்கள். முதல் சில நாட்களுக்கு 'மரம்', 'படம்', 'பழம்' என மகரத்தில் முடியும் சொற்களே போதும்.