மாப்பசானின் ‘நெக்லஸ்’: திருப்பம் எந்த இடம்?

வணக்கம். 1884-இல் வந்த இந்தப் பிரெஞ்சுச் சிறுகதையைப் பத்தாம் வகுப்புக்கு நடத்த நிகழ்ச்சி வரிசை ஒன்று போட்டதில் ஓரிடம் இடிக்கிறது, உதவுங்கள்.

நாயகி மத்தில்டாவின் உடைக்கு 400 பிராங்க், தோழியிடம் இரவல் நகை, விருந்து, நகை தொலைவது, 36,000 பிராங்குக்கு மாற்று நகை (18,000 கணவனுக்கு அப்பா விட்டுப்போனது, மீதி கடன்), பத்து வருஷப் பாடு, கடைசியில் தொலைந்த நகை போலி என்று தெரிவது. நகை தொலைந்ததுதான் திருப்பமா? இல்லை, "கொக்கி உடைந்துவிட்டது, சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன்" என்று தோழிக்கு எழுதச் சொல்கிறானே கணவன், அந்தப் பொய்யா? என் கட்சி பொய்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் 500 பிராங்குக்குள் முடிந்திருக்கும்.

இன்னொன்று. "மத்தில்டா பேராசைக்காரி" என்று ஒரே வரியில் மாணவர்கள் விடையை முடித்துவிடுகிறார்கள். வேலைக்காரியை நிறுத்திவிட்டுத் தானே தண்ணீர் தூக்கி, கடைக்காரனிடம் காசு காசாகப் பேரம் பேசுகிறவள் அந்தச் சொல்லுக்குள் எப்படி அடங்குவாள்? விருந்துக்கு முன் ஒரு செயல், கடனுக்குப் பின் ஒரு செயல், இரண்டுக்கும் தனித்தனிக் குணச்சொல் என்று கேட்டால் கொஞ்சம் தேறுகிறது. இதைவிட நல்ல கேள்வி இருக்கிறதா?

முடிவைப் படித்ததும் முன்குறிப்புகளைத் தேடச் சொல்வேன். நகைக்கடைக்காரர் "பெட்டி மட்டும்தான் நான் கொடுத்தது" என்பதைப் பிடித்துவிடுகிறார்கள். தோழி தயங்காமல் கொடுத்ததும், திரும்பி வந்த பெட்டியைத் திறந்தே பார்க்காததும் கண்ணில் படுவதில்லை. விடையைச் சொல்லாமல் அங்கே கொண்டுபோக என்ன செய்வீர்கள்?