கல்லூரிக்குள் சைட்: கம்பியை எங்கே போடுவது?

வணக்கம். திருச்சி பக்கம் ஒரு கல்லூரி வளாகத்தில் மூன்று மாடி விடுதி கட்டுகிறோம். சிவில் முடித்த எனக்கு இதுதான் முதல் சைட். முதல் மாடி ஸ்லாப் போட்டாயிற்று, பாத்தி கட்டித் தண்ணீரும் நிற்கிறது. சிக்கல் இடத்தில்தான்.

லாரிக்கும் மாணவர்களுக்கும் ஒரே கேட். காலையில் கல்லூரிப் பேருந்துகள் நுழையும் நேரம் பார்த்து மிக்சர் லாரியும் வந்து நிற்கும். டிரம் சுற்றச் சுற்ற, உள்ளே கான்கிரீட் இறுகிவிடுமோ என்று எனக்கு வயிறு கலங்கும். 12 மீட்டர் கம்பியெல்லாம் வேப்பமரத்தடியில் கிடக்கிறது. வளைத்ததைத் தோளில் சுமந்து, சைக்கிள் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள்.

அப்புறம், தினமும் எடுக்கும் போட்டோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணம்; வேலை எவ்வளவு நகர்ந்தது என்று ஒப்பிட முடியவில்லை. பீமின் நீளம் 6 மீட்டருக்கு மேல் என்பதால் ஐ.எஸ். 456 (கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை) படி, அதைக் கீழிருந்து தாங்கும் முட்டு 21 நாள் நிற்கணும். மேஸ்திரியோ 14 போதும் என்கிறார். அதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வளாகத்துக்குள் வேலை பார்த்தவர்கள், லாரிக்குத் தனி நேரம் எப்படிப் பேசி வாங்கினீர்கள்? கம்பி, சிமென்ட் குடோன் இரண்டையும் எங்கே வைத்தீர்கள்? கையால் வரைந்த படம் இருந்தாலும் போடுங்கள். ஐப்பசி மழைக்குள் குடோனை மாற்றியாக வேண்டும்.