உயர்நிலை மூன்றில் ஆங்கிலக் கட்டுரைப் பாடம்: பிழை காட்டும் கருவியை எந்தக் கட்டத்தில் திறந்துவிடுவது?

ஈசூன் ஆசிரியை:

வணக்கம். உயர்நிலைப் பள்ளி ஒன்றில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். சாதாரண நிலை (‘ஓ’ லெவல்) தேர்வு போன்றவற்றுக்குப் பதிலாக 2027இல் முதன்முறையாக நடைபெறவிருக்கும் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வை எழுதப்போகும் பிள்ளைகள் இவர்கள். எல்லாரிடமும் சொந்தக் கற்றல் சாதனம் இருக்கிறது. கல்வி அமைச்சின் மாணவர் கற்றல் தளத்தில் கட்டுரையைத் தட்டச்சு செய்தால், அதிலுள்ள செயற்கை நுண்ணறிவுக் கருவி இலக்கணப் பிழைகளையும் எழுத்துப் பிழைகளையும் அடையாளம் காட்டி விளக்கமும் தருகிறது. ஒரு வகுப்பின் கட்டுரைகளை நான் திருத்தி முடிப்பதற்குள் என்ன நினைத்து எழுதினோம் என்பதே பிள்ளைகளுக்கு மறந்துபோகிறது. ஆகவே எழுதிய சூட்டோடு பிழை தெரியவருவது பெரிய வசதி என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆயினும், சாதனத்தில் பிழையின்றி எழுதும் மாணவர், வகுப்பில் பேனா பிடித்து எழுதும்போது இறந்தகாலத்தில் தொடங்கி இரண்டாம் பத்தியிலேயே நிகழ்காலத்துக்கு நழுவிவிடுகிறார். எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையிலான இயைபு முன்பு போலவே தடுமாறுகிறது. கருவியை ஒதுக்கிவிட எனக்கு விருப்பமில்லை. கட்டுரைப் பாடத்தின் எந்தக் கட்டத்தில் அதைத் திறந்துவிட வேண்டும், எந்தக் கட்டத்தில் மூடிவைக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் கூறினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய கரும்பலகை:

வணக்கம் ஆசிரியை. கல்வியில் தகவல் தொழில்நுட்பத்தைப் புகுத்தும் முதல் பெருந்திட்டம் 1997இல் தொடங்கியபோது நான் ஆங்கில ஆசிரியராக இருந்தேன். மாணவர்களைக் கணினிக் கூடத்துக்கு அழைத்துச் சென்று திரும்புவதிலேயே பாடநேரத்தில் ஒரு பகுதி கரைந்துபோன காலம் அது. இன்று சாதனம் மேசைமீதே இருப்பதால், தாங்கள் கேட்டிருக்கும் கேள்விதான் முதன்மையான கேள்வி என்று கருதுகிறேன்.

தேர்வின் முதல் தாளைச் சற்று நினைத்துப் பாருங்கள். சாதாரண நிலைத் தேர்வின் 1184 ஆங்கிலப் பாடத்திட்டத்தில் முதல் பிரிவே பிழைதிருத்தம்தான். ஒரு சிறு பனுவலிலுள்ள இலக்கணப் பிழைகளை மாணவர் தாமே கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். அதற்கு 10 மதிப்பெண். மடல் போன்ற சூழல்சார் எழுத்துக்கும், நீண்ட கட்டுரையான தொடர் எழுத்துக்கும் தலா 30. பிழை இந்த இடத்தில் இருக்கிறது என்று சுட்டிக்காட்டிவிட்டால், நம் மாணவர்களில் பெரும்பாலோர் அதைச் சரியாகவே திருத்திவிடுவார்கள். அவர்களுக்குக் கடினமாக இருப்பது கண்டுபிடிப்பது. கருவி மாணவரின் கையிலிருந்து முதலில் எடுத்துக்கொள்வது அந்த வேலையைத்தான். தங்கள் மாணவர்கள் தாளில் தடுமாறுவதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது இதுதான். முதல் வரைவை எந்த உதவியுமின்றி எழுதட்டும். அதன்பின் உடனே கருவியைத் திறக்காமல், தம் வரைவைத் தாமே படித்து, ஐயமுள்ள இடங்களில் எல்லாம் அடிக்கோடு இடட்டும். விடை தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஐயம் எழுந்தால் போதும். அடிக்கோடிட்ட பிறகு கருவியைத் திறந்து இரண்டையும் ஒப்பிடட்டும். தாமே கண்டுபிடித்த பிழைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். தவறவிட்டவற்றை மட்டும் ஒரு குறிப்பேட்டில் முழு வாக்கியமாகக் கையால் திருத்தி எழுதச் செய்து, அடுத்த கட்டுரையைத் தொடங்குமுன் அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். கால மயக்கம் ஒரே மாணவருக்குத் திரும்பத் திரும்ப வருவதை அந்தக் குறிப்பேடு அவருக்கே காட்டிவிடும். நாம் சொல்லித் தெரிவதைவிட அதற்கு வலு அதிகம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கருவி தவறென்று காட்டுவது எல்லாமே தவறாக இருக்காது. கதையில் வரும் காப்பிக்கடை அங்கிள் சிங்கிலீஷில், அதாவது சிங்கப்பூர்ப் பேச்சுவழக்கு ஆங்கிலத்தில் பேசினால், அந்த உரையாடலையும் அது திருத்தச் சொல்லக்கூடும். அத்தகைய இடத்தில் மாணவர் கருவியை மறுத்து, ஏன் மறுத்தோம் என்று ஒரு வரி எழுதினால், அந்த வரிக்கு நான் தாராளமாகப் பாராட்டு வழங்குவேன். முதல்வருக்கு எழுதும் மடலின் தொனி, வாதத்தின் வலிமை ஆகியவற்றை மதிப்பிடும் பொறுப்பு தங்களிடமே இருக்கட்டும். இலக்கணப் பிழைக்குச் சிவப்பு மையால் வட்டமிடும் நேரம் மிச்சமானால், அந்த நேரம் இதற்குச் செல்ல வேண்டும்.

தெம்பனிஸ் பெற்றோர்:

ஆசிரியர்களின் உரையாடலில் ஒரு பெற்றோராகக் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சாதனத்திலுள்ள நிர்வாகச் செயலி, பள்ளி நேரத்துக்குப் பிறகு இணையப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த எங்களுக்கு வசதி தருகிறது. ஆனால் மகள் எழுதிய கட்டுரையில் எந்தப் பகுதி அவளுடையது என்பதை எந்தச் செயலியாலும் எனக்குக் கூற இயலாது. வீட்டில் வேறு கணினியும் இருக்கிறது. எனவே, ஒவ்வொரு கட்டுரைக்கும் எந்தக் கருவிக்கு அனுமதி, எதற்கு இல்லை என்பதை வீட்டுப்பாடத் தாளிலேயே ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். அந்த ஒரு வரி இருந்தால், சந்தேகத்தின் பேரில் பிள்ளையிடம் சண்டை போடாமல், நாங்கள் உங்களுக்குத் துணையாக நிற்க முடியும்.

செங்காங் ஆங்கிலம்:

பழைய கரும்பலகை ஐயா கூறியவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் எல்லா மாணவர்களுக்கும் ஒரே முறை பொருந்தாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தை ஜி1 நிலையில், அதாவது மூன்று பாட நிலைகளுள் எளிதானதில் படிக்கும் என் மாணவர்களுள் சிலர், எழுதுமுன்பே பிழைக்கு அஞ்சி, மூன்று வரிகளோடு நிறுத்திவிடுவார்கள். வாசிப்பில் குறைபாடுள்ள மாணவர்களும் இருக்கிறார்கள். தாங்கள் எழுதியதைச் சாதனம் உரக்க வாசித்துக் காட்டும்போதுதான், ஒரு சொல் விடுபட்டிருப்பது அவர்கள் காதில் விழுகிறது. அவர்களிடம் முதல் வரைவுக்கே கருவியை மூடச் சொன்னால், திருத்துவதற்கு வரைவே இருக்காது. முதலில் எழுத வேண்டும். அந்தத் துணிவு வந்த பிறகு உதவியைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம்.

மேலும், நாம் எல்லாரும் எழுத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். தொழில்நுட்பம் உண்மையாகவே புதிதாக ஒன்றைத் தந்திருப்பது வாய்மொழிப் பயிற்சியில்தான். 2023 முதல் சாதாரண நிலை வாய்மொழித் தேர்வில் உரக்க வாசித்தல் நீக்கப்பட்டு, காணொளி ஒன்றைப் பார்த்துத் திட்டமிட்டுப் பதிலுரைக்கும் பகுதி சேர்க்கப்பட்டது. ஆயத்தத்துக்கு 10 நிமிடம் கிடைக்கும். பதில் 2 நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு மாணவர் பேச, வகுப்பே காத்திருக்கும். இப்போது எல்லாரும் ஒரே நேரத்தில் தத்தம் சாதனத்தில் பேசிப் பதிவு செய்ய முடிகிறது. தம் பதிவைத் தாமே கேட்கும் மாணவர், ஒரே கருத்தை மூன்று முறை சொல்லியிருப்பதை நான் சொல்லாமலே உணர்கிறார். ஒரே எச்சரிக்கை: பேச்சைத் தானாக எழுத்தாக்கும் வசதி நம் ஊர் உச்சரிப்பைச் சில நேரங்களில் தவறாக எழுதிவிடும். அதை உச்சரிப்புக்கான மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டு பிள்ளைகளைச் சோர்வடையச் செய்துவிடாதீர்கள்.

ஈசூன் ஆசிரியை:

அனைவருக்கும் மிக்க நன்றி. கண்டுபிடிப்பதையும் திருத்துவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற கருத்து, என் மாணவர்களிடம் நான் கண்டதைத் தெளிவாக விளக்குகிறது. அடுத்த தவணையில் அடிக்கோட்டு முறையைத் தொடங்கவிருக்கிறேன். வீட்டுப்பாடத் தாளில் அனுமதி வரியையும் சேர்த்துவிடுகிறேன்.

செங்காங் ஆசிரியருக்கு ஒரு கேள்வி: என் வகுப்பிலும் மூன்று வரிகளோடு நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு உதவியைக் குறைக்கத் தொடங்கும் நேரம் வந்துவிட்டது என்பதை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? கட்டுரையின் நீளத்தை வைத்தா, அல்லது கருவி காட்டும் பிழைகளின் எண்ணிக்கையை வைத்தா?

செங்காங் ஆங்கிலம்:

இரண்டையும் வைத்து அல்ல, ஆசிரியை. கருவி காட்டிய பிழை ஒன்றை எடுத்து, அது ஏன் பிழை என்று மாணவரிடம் அருகில் அமர்ந்து கேட்பேன். கருவி தந்த விளக்கத்தை ஒப்பிக்காமல், தம் சொந்தச் சொற்களில் காரணம் கூற முடிந்தால், அந்த வகைப் பிழைக்கு மட்டும் அடுத்த கட்டுரையில் அவரே பொறுப்பேற்க வேண்டும் என்று சொல்லிவிடுவேன். மற்ற வகைகளுக்குக் கருவி தொடர்ந்து உதவும்.