புழுவின் குரோமோசோமைக் கண்ணால் பார்த்த அனுபவம் உண்டா?

நாகமலை:

குடற்புழுக்களின் குரோமோசோமை ஸ்லைடில் பார்த்தவர்கள், அவற்றின் டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் வரிசைகளோடு மல்லுக்கட்டியவர்கள், உங்கள் அனுபவத்தை இங்கே எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

ஆய்வு மாணவனாக இருந்தபோது எனக்கு வேண்டியிருந்தது ஹீமாங்கஸ் கன்டார்டஸ் என்ற புழு. ஆட்டின் நாலாவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிப்பது. மதுரை நெல்பேட்டையில் தெரிந்த கறிக்கடை பாய் ஒருவர் விடியற்காலையிலேயே எடுத்து வைத்திருப்பார். "தம்பி, இன்னைக்கு ஒரு கிடா ரொம்ப வெளிறிப்போய் இருந்துச்சு, அதோட இரைப்பையத் தனியா வச்சிருக்கேன்" என்பார். பிரித்துப் பார்த்தால் புழு மொய்த்துக் கிடக்கும். ஒரு புழு நாளுக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தம் குடிக்கிறது. அது ஆயிரக்கணக்கில் இருந்தால் ஆடு வெளுக்காமல் என்ன செய்யும்?

பெண் புழுவில் ரத்தம் நிறைந்த குடலைச் சுற்றி வெள்ளைக் கருப்பை முறுக்கிக்கொண்டிருக்கும், கோயில் மதிலில் காவியும் சுண்ணாம்பும் மாறி மாறி அடித்த பட்டை மாதிரி. பார்க்க அழகு அதுதான். ஆனால் குரோமோசோமுக்கு ஆண் புழுதான் நல்லது. வெதுவெதுப்பான உப்புக்கரைசலில் உயிரோடு கொண்டுவர வேண்டும். சூடு ஆறிவிட்டால் செல் பிரிவது நின்றுவிடும். பக்கவாட்டில் ஊசியால் மெல்லக் கீறினால் விந்தகம் வெள்ளை நூலாக வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதைச் செல் பிரிவதைப் பாதியில் நிறுத்தும் கோல்சிசின் மருந்தில் ஊறவைத்து, நீர்த்த பொட்டாசியம் குளோரைடில் செல்களை உப்பவிட்டு, மெத்தனால் மூன்று பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு கலந்த கரைசலில் போட்டு, ஸ்லைடில் பரப்பி, ஜீம்சா சாயம் ஏற்றினால் சரி. எண்ணெய் லென்ஸில் குட்டிக் குச்சிகளாகத் தெரியும். ஐந்து ஜோடி, கூடவே ஆணா பெண்ணா என்பதோடு தொடர்புள்ள எக்ஸ் குரோமோசோம் ஒற்றையாக, ஆக 11. பெண்ணில் எக்ஸ் இரண்டு, ஆக 12. ஒய் கிடையாது. அதனால் விந்தணுவில் பாதி ஐந்து குரோமோசோமோடும் பாதி ஆறோடும் போகும். இதை ஒரே ஸ்லைடில், பக்கத்துப் பக்கத்துச் செல்லில் பார்க்கும்போது கிடைக்கும் சந்தோஷமே தனி.

மனிதக் குரோமோசோம் படம் பார்த்துப் பழகியவர்கள் இதில் இடுக்கு, அதாவது செல் பிரியும்போது இழைகள் பிடிக்கும் ஒடுங்கிய இடம், எங்கே என்று தேடுவார்கள். பெரும்பாலான உருண்டைப்புழுக்களில் அது இருக்காது. செல் பிரியும்போது இழைகள் குரோமோசோமின் நீளம் முழுக்கப் பிடித்து இழுக்கும். மாட்டில் வரும் ஹீமாங்கஸ் பிளாசியின் எக்ஸ், ஆட்டுப்புழுவின் எக்ஸைவிட நீளம். உருவத்தை வைத்துப் பிரிக்கத் திணறவைக்கும் இந்த இரண்டையும் 1950களிலேயே குரோமோசோமைப் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள்.

அப்புறம் பன்றியின் குடலில் வாழும் அஸ்காரிஸ் என்ற உருண்டைப்புழு. என்னை இந்தத் துறையில் பிடித்து வைத்தது அந்தக் கருதான். கரு சில செல்களாக இருக்கும்போதே, உடலாகப் போகிற செல்களில் குரோமோசோம்கள் உடையும். ஒரு பகுதி டிஎன்ஏ செல்லின் நடுவில் அப்படியே விடப்பட்டுக் கரைந்துபோகும். அடுத்த தலைமுறைக்குப் போகிற செல்லில் மட்டும் எல்லாம் முழுசாக இருக்கும். குதிரையின் உருண்டைப்புழுவில் இதை 1887இல் முதலில் கண்டு சொன்னவர் தியோடர் போவெரி. அந்தக் குதிரைப் புழுக்களில் ஒரு வகைக்கு மொத்தமே ஒரு ஜோடி குரோமோசோம்தான். அது உடல் செல்லில் பல துண்டுகளாக நொறுங்கிவிடும். அஸ்காரிஸில் கழித்துவிடப்படுவதில் பெரும்பங்கு 121 டிஎன்ஏ எழுத்து கொண்ட ஒரு வரிசை, வால் பிடித்த மாதிரி மறுபடி மறுபடி வருவது. உடைந்த நுனிகளில் டிடிஏஜிஜிசி என்ற ஆறெழுத்து திரும்பத் திரும்பச் சேர்ந்து மூடி போட்டுவிடும். துண்டுகள் தொலையாமல் பிழைப்பது அந்த மூடியாலும், குரோமோசோமை எங்கே வேண்டுமானாலும் இழை பிடித்துக்கொள்வதாலும்தான்.

இதைக் குப்பை டிஎன்ஏ என்று வகுப்பில் ஒரு வரியில் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. உடல் செல் தூக்கிப் போடுவதை, விதைச் செல் ஒரு தலைமுறை விடாமல் காத்து வைத்திருக்கிறதே! குட்டித் துண்டுகளாகப் படிக்கும் வரிசைக் கருவிகள் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். ஒரே வரிசை ஆயிரம் தடவை வந்தால் எது எங்கே என்று கணினிக்குப் புரியாது. நீளமாகப் படிக்கும் கருவிகள் வந்தபிறகு நிலைமை தேவலை. ஆனாலும் ஸ்லைடில் கண்ணுக்கு எதிரே கிடக்கும் சாட்சி வேறு. நம் கல்லூரிகள் அந்தக் கைவேலையை விட்டுவிடக் கூடாது.

திருமங்கலம்:

நான் கால்நடை மருத்துவர். எங்கள் ஊர் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வரும் ஆடுகளில், மழைக்காலம் முடிந்ததும் தாடைக்குக் கீழே நீர் கோத்தவை வரும். கண் இமையைப் பிதுக்கினால் உள்ளே வெள்ளையாக இருக்கும். புழு என்று தெரிந்துவிடும்; எந்தப் புழு என்பதுதான் சிக்கல். சாணியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இந்தக் கூட்டத்துப் புழுக்களின் முட்டை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். பயிற்சிக்குப் போன ஆய்வகத்தில் ஐடிஎஸ்-2 என்ற டிஎன்ஏ பகுதியைப் பிரதியெடுத்துப் பெருக்கிப் பார்த்தோம். அது இருக்கும் ரைபோசோம் மரபணுத் தொகுதி வரிசையாகப் பல பிரதிகள் இருப்பதால், ஒரே ஒரு முட்டையிலிருந்துகூட அது கிடைக்கும். நீங்கள் எக்ஸின் நீளத்தில் பார்த்த அதே இரண்டு ஹீமாங்கஸும் இந்தப் பகுதியின் 231 எழுத்தில் மூன்றே மூன்று எழுத்தில் வேறுபடுகின்றன. மாடும் ஆடும் ஒரே கண்மாய்க்கரையில் மேய்கிற ஊரில் எனக்கு அந்த மூன்று எழுத்து ரொம்ப முக்கியம்.

கே.கே. நகர்:

கொசு, யானைக்கால் வேலையில் இருந்தவன் நான். கும்பகோணம் பக்கம் ராத்திரி பத்து மணிக்கு மேல் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்போம். அந்த நேரத்தில்தான் நுண்புழு, அதாவது யானைக்கால் புழுவின் குஞ்சு, விரல்நுனி ரத்தத்துக்கு வரும். தூக்கத்தில் எழுப்பிக் குத்தினால் யார் சந்தோஷமாகக் கை நீட்டுவார்கள்? ஆனாலும் பெரியவர்கள் "வாங்கய்யா" என்று திண்ணையில் உட்காரச் சொல்வார்கள். இன்று கொசுக்களை இருபது, இருபத்தைந்தாகச் சேர்த்து அரைத்து, யானைக்கால் புழுவான வுச்சரேரியாவின் எஸ்எஸ்பி-1 என்ற, திரும்பத் திரும்ப வரும் வரிசையைத் தேடினாலே ஊரில் புழு சுற்றுகிறதா என்று தெரிந்துவிடுகிறது. அந்த வரிசை ஒரு புழுவுக்குள் நூற்றுக்கணக்கில் இருப்பதால்தான் ஒரு பிகோகிராம் (ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) டிஎன்ஏ இருந்தாலும் மாட்டிக்கொள்கிறது. மலாய் யானைக்கால் புழுவில் இதுபோன்ற 322 எழுத்து வரிசை மொத்த டிஎன்ஏவில் பத்தில் ஒரு பங்கு. இதைக் குப்பை என்றால் எனக்கும் கோபம் வரும்.

நாகமலை:

இருவருக்கும் நன்றி. ஒன்று சொல்ல விட்டுப்போனது. புதிதாக அஸ்காரிஸ் அறுக்கப் போகிற தம்பி தங்கைகள் கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். அந்தப் புழுவின் நீர் பலருக்கு ஒவ்வாது. மூக்கு ஒழுகும், கண் அரிக்கும், சிலருக்கு மூச்சே இரைக்கும். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாளாக ஆக இது கூடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.