6 மி.மீ. உருவங்களில் தீட்ட வேண்டியது ஆளையா, அணியையா?

அணிவகுப்பு எழுதியது:

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டில் வாட்டர்லூ போருக்காக (1815) 6 மி.மீ. உயரப் பிரிட்டிஷ் காலாட்படை உருவங்களைத் தீட்டத் தொடங்கிய நண்பர் ஒருவர், ஒவ்வோர் ஆளுக்கும் பொத்தான்வரை வைக்க முயன்று, மூன்று வாரங்களில் ஒரே ஒரு பட்டாலியனை (பல நூறு பேர் கொண்ட படைப்பிரிவை) முடித்துச் சோர்ந்துபோனதாக இங்கே எழுதியிருந்தார். இந்த அளவில் நாம் தீட்டுவது ஆளை அன்று, அணியை என்பதே அவருக்கு என் பதில். கறுப்பு அடிப்பூச்சு கொடுத்து, சட்டைக்குச் சிவப்பு, கால்சட்டைக்குச் சாம்பல், முகத்துக்கும் கைகளுக்கும் ஒவ்வொரு புள்ளி, துப்பாக்கிக்கு ஒரு பழுப்புக் கோடு வைத்தால் போதும். நிறங்களுக்கு இடையே எஞ்சும் கறுப்பு தானாகவே நிழலாகிவிடும். சிறிய உருவத்தில் எந்த நிறமும் மங்கித் தெரியும் என்பதால், குறிப்பாகச் சிவப்பை வழக்கத்தைவிட ஒரு படி வெளிர்ப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நுண்தூரிகை எழுதியது:

இதை நான் மறுக்கிறேன். அதே போரில் பிரிட்டிஷ் தளபதி ஹால்கெட்டின் பிரிகேடில் (பல பட்டாலியன்கள் சேர்ந்த படைப்பிரிவில்) 30, 33, 69, 73 ஆகிய எண்களுடைய நான்கு ரெஜிமெண்டுகளின் பட்டாலியன்கள் நின்றன. எல்லோருக்கும் சிவப்புச் சட்டைதான். ஆனால் கழுத்துப்பட்டையும் கைமடிப்பும் 30-க்கு வெளிர்மஞ்சள், 33-க்குச் சிவப்பு, மற்ற இரண்டுக்கும் பச்சை. நீங்கள் சொல்லும் முறையில் இந்த நான்கும் ஒன்றாகிவிடுகின்றன. வரலாற்றுப் படையைத் தீட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, அந்தப் படைகளே தங்களை வேறுபடுத்திக்கொண்ட அடையாளத்தை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மார்பின் வெள்ளைக் குறுக்கு வார்களையும் நீங்கள் குறிப்பிடவே இல்லை. அவற்றை விட்டுவிட்டு ஒரு வரிசையைத் தீட்டிப் பார்த்தேன்; எட்டி நின்று பார்த்தபோது சிவப்புக் குச்சிகளை நட்டுவைத்ததுபோல இருந்தது.

அணிவகுப்பு எழுதியது:

குறுக்கு வார்கள் பற்றி நீங்கள் சொல்வது சரி. எட்டத்திலிருந்தும் அவை தெரிவதால் அவற்றைச் சேர்த்தே ஆக வேண்டும். கைமடிப்பின் வேலையைக் கொடி செய்துவிடும். பிரிட்டிஷ் ரெஜிமெண்ட் கொடியின் தளமே பெரும்பாலும் அந்தக் கைமடிப்பு நிறத்தில்தான் இருந்தது. சிவப்புக் கைமடிப்பு கொண்ட 33-க்கு மட்டும் வெள்ளைத் தளத்தில் செஞ்சிலுவை. ஏறக்குறைய ஆறடி அகலமுள்ள அந்தக் கொடி, இந்த உருவங்களின் 1:300 அளவில் (நிஜத்தில் முந்நூறில் ஒரு பங்கு) ஓர் ஆளின் உயரத்துக்கு வரும். அந்த ஒன்றைச் சிரத்தையாகத் தீட்டினால் நான்கு பட்டாலியன்களும் தனித்தனியே தெரியும்.

நுண்தூரிகை எழுதியது:

பிரிட்டிஷ் படைக்கு அது பொருந்துகிறது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதே காலத்து ஆஸ்திரியப் படையை எடுத்துக்கொண்டால் உங்கள் வழி அடைபட்டுவிடுகிறது. அங்கே ரெஜிமெண்டுக்கு ரெஜிமெண்ட் கொடி மாறுவதில்லை. காலாட்படையில் பெரும்பாலோருக்கும் வெள்ளைச் சட்டை. கழுத்துப்பட்டையின் நிறமும் பொத்தானின் நிறமும்தான் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டின.

மணல்மேடு எழுதியது:

நீங்கள் இருவரும் ஆளைப் பற்றியே பேசுகிறீர்கள். கண்ணில் முதலில் படுவதோ அடித்தளம். 60×30 மி.மீ. தட்டில் 24 பேரை நிறுத்தினாலும், மேலிருந்து பார்க்கும்போது பாதிக்கு மேல் தரைதான். அந்தத் தரையில்தான் பலரும் அளவை மறந்துவிடுகிறார்கள். அரை மி.மீ. மணல் துகள் 1:300 அளவில் 15 செ.மீ. கல், 2 மி.மீ. செயற்கைப் புல் என்றால் 60 செ.மீ. உயரம், அதாவது வீரனின் முழங்காலுக்கு மேல். ஆகவே பெரிய உருவங்களுக்கு வாங்கிய மணலையும் புல்லையும் இங்கே கொட்ட வேண்டாம். நான்கு நான்கு பேராக வார்த்துவரும் பட்டைகளின் விளிம்பை முதலில் மெல்லிய பூச்சுக்களிம்பால் மறைத்து, மிக நுண்ணிய மணலை நீர் கலந்த பி.வி.ஏ. பசையில் (வெள்ளை மரப்பசையில்) தூவி, காய்ந்தபின் பழுப்பு தீட்டி, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெளிர்மஞ்சளை மேலாகத் தடவுங்கள். அடர்நிறச் சீருடை என்றால் தரை அதைவிட வெளிர்ப்பாக இருக்கட்டும். கருநீலப் பிரஷியர்களை அடர்பச்சையில் நிறுத்தியபோது என் படையே காணாமல் போய்விட்டது.

இன்னொன்று. இரண்டு வரிசையில் நின்ற 600 பேர் கொண்ட பட்டாலியன், ஆளுக்கு 55 செ.மீ. என்று கொண்டால், 165 மீட்டர் நீளும். அதை 60 மி.மீ. தட்டில் அடக்குகிறோம் என்றால் தரையின் அளவு ஏறத்தாழ 1:2750 ஆகிறது. ஆளுக்கு ஓர் அளவு, நிலத்துக்கு வேறோர் அளவு என்று ஏற்றுக்கொண்ட பிறகு, 24 உருவங்கள் 600 பேருக்கான குறியீடுதான். பட்டைகளை நெருக்கி ஒட்டுங்கள். அந்த நெருக்கம் தரும் திரளைப் பொத்தான் தராது.

நுண்தூரிகை எழுதியது:

தரை பற்றிய கணக்கை ஏற்கிறேன். என்னிடமுள்ள புல் முழுவதும் 2 மி.மீ. என்பதால் இரண்டு தட்டுகளைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் நெருக்கி ஒட்டினால் உள்ளே தூரிகை நுழையாது. ஆகவே பட்டைகளை முதலில் ஐஸ் குச்சியில் ஒட்டித் தீட்டி முடித்து, அதன் பிறகே தட்டுக்கு மாற்ற வேண்டும். அப்படிக் குச்சியில் இருக்கும்போது கழுத்துப்பட்டைக்கு ஒரு புள்ளி வைப்பது பெரிய சுமையே இல்லை.

அணிவகுப்பு எழுதியது:

ஆஸ்திரியர்களுக்குக் கழுத்துப்பட்டையை வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்க்கும்போதும் அது தெரியும். கைமடிப்பு துப்பாக்கிக்குப் பின்னால் மறைந்துவிடும். ஆனால் ஆட்டத்தில் நம் படையின் முதுகையே நாம் அதிகம் பார்க்கிறோம் என்பதை மூவருமே சொல்லாமல் விட்டோம். மார்பின் குறுக்கு வார்கள் எதிராளிக்குத்தான் தெரியும். நமக்குத் தெரிவது முதுகுப்பையும் அதன் மேல் சுருட்டிக் கட்டிய மேலங்கியும். சோர்ந்துபோன நண்பர் அடுத்த பட்டாலியனில் பொத்தான்களை விட்டுவிட்டு, அந்தச் சுருளுக்கு ஒரு வெளிர்சாம்பல் கோடு இழுத்துப் பார்க்கட்டும்.