அசிமோவோட 500 புத்தகத்துல எது நிக்கும்? கதையா, அறிவியல் கட்டுரையா?

விண்கல்:
அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ்னு பேச்சு எடுத்தாலே மூணு ரோபோ விதி, பவுண்டேஷன் நாவல்கள், அதோட எல்லாரும் நிறுத்திடுறாங்க. என்னைக் கேட்டா அந்த மனுஷனோட பெரிய சாதனை கதையே கிடையாது, அறிவியலைச் சாதாரண ஜனங்களுக்கு எழுதினதுதான். 1958 நவம்பர்ல ஒரு அமெரிக்கப் பத்திரிகையில மாசாமாசம் பத்தி எழுத ஆரம்பிச்சவர் 33 வருஷம் விடாம 399 கட்டுரை எழுதியிருக்கார். வேதியியல்ல டாக்டர் பட்டம் வாங்கி பாஸ்டன் யுனிவர்சிட்டி மெடிக்கல் காலேஜ்ல பயோகெமிஸ்ட்ரி எடுத்துட்டு இருந்தவர், 1957ல சோவியத்தோட முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் மேல போனதும் நம்ம ஜனங்களுக்கு சயின்ஸ் தெரியலையேன்னு தோணி நாவலை ஓரமா வெச்சுட்டு முழுசா இந்தப் பக்கம் வந்துட்டார், அதுவும் கதையில நல்ல பேர் வாங்கிட்டு இருந்த நேரத்துல.

ஒண்ணே ஒண்ணு சொல்றேன். ஒரு இங்கிலீஷ் இலக்கிய மாணவர் அவருக்கு லெட்டர் போட்டாராம், ஒவ்வொரு நூற்றாண்டுலயும் உலகம் புரிஞ்சிடுச்சுன்னு நினைச்சாங்க, அடுத்த நூற்றாண்டுல தப்புன்னு ஆச்சு, அப்போ இப்ப நமக்குத் தெரிஞ்சதும் தப்புதானேன்னு. அதுக்கு அசிமோவ் எழுதின பதில் கட்டுரைதான் 'தி ரிலேட்டிவிட்டி ஆஃப் ராங்'. பூமி தட்டைன்னா வளைவு மைலுக்கு பூஜ்யம். உருண்டைன்னா மைலுக்கு சுமாரா எட்டு அங்குலம். இந்த எட்டு அங்குலத்தைக் கண்ணால பார்க்க முடியாததாலதான் அந்தக் காலத்து ஆளுங்க தட்டைன்னு நம்பினாங்க, முட்டாள்ங்கறதால இல்ல. அப்புறம் பார்த்தா பூமி சரியான உருண்டையும் இல்ல, நடுவுல கொஞ்சம் புடைச்சிருக்கு, ஆனா நடு விட்டத்துக்கும் துருவ விட்டத்துக்கும் வித்தியாசம் சுமார் 12,750 கிலோமீட்டர் விட்டத்துல வெறும் 43 கிலோமீட்டர். ஆக தட்டைங்கறதும் தப்பு, உருண்டைங்கறதும் தப்பு, ஆனா ரெண்டும் ஒரே அளவு தப்புன்னு சொல்றவன் அதைவிடப் பெரிய தப்பு பண்றான். சயின்ஸ் மாறிக்கிட்டே இருக்கே, எதுக்கு நம்பணும்னு கேக்குற ஒவ்வொருத்தர் கையிலயும் இதைக் குடுக்கணும்.

கடைசிபெஞ்ச்:
விண்கல் அண்ணே, அந்தக் கட்டுரை நல்லதுதான், ஒத்துக்கிறேன். ஆனா ஒரு நல்ல கட்டுரையை வெச்சு 399க்கும் மார்க் போட முடியாது. இந்த 500 கணக்கை முதல்ல பாருங்க, அதுல நூத்துக்கும் மேல மத்தவங்க கதைகளைத் தொகுத்தது, பாதி தொகுப்புல கூட இன்னொருத்தர் பேரும் இருக்கும். அதையும் சேர்த்துட்டு 500 எழுதினார்னு சொல்றது நியாயமா?

அடுத்தது, அறிவியல் எழுத்து பழசாகும். அவரோட பெரிய அறிவியல் வழிகாட்டி 1960ல வந்துச்சு, அப்புறம் 1965, 1972, 1984னு திருத்தித் திருத்திப் போட்டார். 1960 பதிப்புல குவாசர் (ரொம்ப தூரத்துல பயங்கரமா ஒளிர்ற கேலக்ஸி மையம்) இருக்கவே முடியாது, அது என்னன்னு 1963லதான் பிடிபட்டுச்சு. கண்டங்கள் நகருதுங்கறதை அப்ப பெரும்பாலான நிபுணர்களே ஏத்துக்கல. இன்னைக்கு அதை யார் எடுத்துப் படிப்பா? அதே ஆள் 1941ல எழுதின 'நைட்ஃபால்' சிறுகதையை இன்னைக்கும் படிக்கிறோம். ஆறு சூரியன் உள்ள கிரகம், 2049 வருஷத்துக்கு ஒருதடவைதான் இருட்டும், நட்சத்திரமே பார்க்காத ஜனங்க அந்த ஒரு ராத்திரியில என்ன ஆகுறாங்கன்னு. அப்ப அவருக்கு 21 வயசு! அது பழசாகவே ஆகாது. ஆனா கதையில மனுஷங்க இருக்காங்களான்னு கேட்டா அதுவும் இல்ல, ரெண்டு பேர் ரூம்ல உக்காந்து பேசிக்கிட்டே இருப்பாங்க, வெளிய நடக்குறது பேச்சுலதான் தெரியும். ஐடியாவுக்காக அவரை மதிக்கலாம், எழுத்துக்காக முடியாதுங்கறது என் கருத்து.

மல்லிகா_டீச்சர்:
நான் பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுக்கிறேன், அசிமோவை ரொம்பப் பிடிச்சுப் படிச்சவ, அதனாலயே இதைச் சொல்லணும். 'பவுண்டேஷன்' முதல் புத்தகத்துல பேசுற பொண்ணுங்களைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். கேலக்ஸி முழுக்கப் பரவின பன்னிரண்டாயிரம் வருஷ சாம்ராஜ்யத்தைக் கற்பனை பண்ணத் தெரிஞ்சவருக்கு அதுல ஒரு பெண் அதிகாரியைக் கற்பனை பண்ணத் தெரியல. கதைக்கு வெளிய இன்னும் மோசம். அறிவியல் புனைகதை மாநாடுகள்ல பெண்களை அவங்க சம்மதம் இல்லாம தொடுறது பல வருஷம் அவரோட பழக்கமாவே இருந்திருக்கு, கூடப் பழகின எழுத்தாளர்களே பதிவு பண்ணியிருக்காங்க. எல்லாரும் சிரிச்சுட்டுப் போனாங்க, அவரும் 1971ல அதையே தமாஷாக்கி ஒரு புத்தகம் போட்டார். அந்த இடங்களுக்கு வர்றதையே நிறுத்தின பெண்கள் இருப்பாங்க இல்லையா, அவங்க எழுதாமப் போன கதைகளை எந்தக் கணக்குல சேர்க்கிறது? அவரைப் பாராட்டுற எல்லா இடத்துலயும் இதையும் சேர்த்துத்தான் பேசணும்னு நினைக்கிறேன்.

ரோபோ_ராசா:
டீச்சர் சொன்னதுல அந்தப் பழக்கம் பத்தி மறுபேச்சே இல்லைங்க, அது அசிங்கம், அவ்வளவுதான். ஆனா பெண்களே இல்லைன்னு மொத்தமா சொல்ல முடியாது. அவரோட ரோபோ கதைகள்ல சூசன் கால்வின் 1941லயே வந்துட்டாங்க, ரோபோக்களோட மனசைப் படிக்கிற விஞ்ஞானி, அந்த ஆபீஸ்ல இருக்குற எல்லா ஆம்பளைங்களையும்விட புத்திசாலி. பவுண்டேஷன் ரெண்டாம் புத்தகத்துல மத்தவங்க மனசையே மாத்துற மியூல்ங்கற வில்லனோட திட்டத்தை உடைக்கிறது பேட்டாங்கற பொண்ணுதான், மூணாவதுல ஆர்கேடிங்கற பதினாலு வயசுப் பொண்ணை நம்பித்தான் பாதிக் கதையே ஓடுது.

விண்கல் ப்ரோவுக்கு ஒண்ணு. கதையையும் கட்டுரையையும் ஏன் பிரிக்கிறீங்க? 1942ல வந்த 'ரன்அரவுண்ட்' எடுத்துக்கோங்க. மெர்குரி கிரகத்துல ஸ்பீடின்னு ஒரு ரோபோவை செலினியம் எடுத்துட்டு வான்னு அனுப்புறாங்க, கட்டளையைச் சும்மா லேசா சொல்லிட்டாங்க, அதனால கீழ்ப்படியணும்ங்கற ரெண்டாவது விதி பலமா இல்ல, விலை உயர்ந்த ரோபோங்கறதால தன்னைக் காப்பாத்திக்கணும்ங்கற மூணாவது விதியை கம்பெனியே தூக்கலா வெச்சிருக்கு. செலினியம் கிடக்குற இடத்துல ஆபத்து. கிட்டப் போனா மூணாவது விதி பின்னாடி தள்ளுது, தள்ளி வந்தா ரெண்டாவது முன்னாடி இழுக்குது, ரெண்டும் சமமாகுற தூரத்துல ரோபோ குடிச்சவன் மாதிரி பாட்டுப் பாடிக்கிட்டு வட்டமாவே சுத்துது. கடைசியில ஒரு மனுஷன் தானே போய் ஆபத்துல நின்னு, மனுஷனுக்குத் தீங்கு வர விடக்கூடாதுங்கற முதல் விதியைக் கிளப்பி விட்டுத்தான் அதை மீட்கிறான். ரெண்டு விசை சமநிலைக்கு வர்றதை இதைவிடத் தெளிவா எந்தப் பாடப்புத்தகம் சொல்லிச்சு? எழுத்து சப்பையா இருக்குன்னு கடைசிபெஞ்ச் சொல்றார். இந்த மாதிரி ஒரு விஷயத்தை ஒரு இடத்துலயும் குழம்பாம கொண்டு போறதுக்கு எவ்வளவு கைத்திறமை வேணும்னு எழுதிப் பார்த்தாத்தான் தெரியும்.

கடைசிபெஞ்ச்:
தெளிவு இருக்கு ராசா, நான் இல்லைங்கல. ஆனா அந்தக் கதையில வர்ற ரெண்டு ஆளுங்க பேரையும் மாத்திப் போட்டுப் பாருங்க, ஒரு வரியாவது இடறுதா? ஸ்பீடிதான் அங்க உயிரோட இருக்கு. என் குறை அதுதான்.

விண்கல்:
கணக்கு விஷயத்துக்கு வர்றேன். நூத்துச்சொச்சம் தொகுப்பைக் கழிச்சுக்கோங்க, மிச்சமே முந்நூறுக்கு மேல இருக்கு, பைபிளுக்கு ஒரு வழிகாட்டி, ஷேக்ஸ்பியருக்கு ஒண்ணு, வேதியியல், வானியல், வரலாறுன்னு. எண்ணிக்கைக்காக நான் கும்பிடல, இவ்வளவு துறையில போய் ஒவ்வொண்ணையும் ஒண்ணும் தெரியாதவனுக்கு ஆதியில இருந்து சொன்னார் பாருங்க, அதுக்குத்தான்.

பழசாகுறது பத்தி. 1956ல 'தி டையிங் நைட்'னு ஒரு துப்பறியும் கதை எழுதினார், மெர்குரியோட ஒரு பக்கம் எப்பவும் சூரியனைப் பார்த்தே இருக்கும்ங்கறதுலதான் துப்பே இருக்கு. 1965ல ரேடார் வெச்சுப் பார்த்தா அது 59 நாளுக்கு ஒருதடவை தன்னைத்தானே சுத்துது. கதை காலி. அவர் என்ன பண்ணார்? கதையை மாத்தாம அப்படியே தொகுப்புல போட்டு, கீழயே நடந்ததைச் சொல்லிட்டார். வீனஸ்ல கடல் இருக்குறதா 1954ல எழுதின சிறுவர் நாவலுக்கும் அப்படித்தான், 1970கள்ல மறுபதிப்பு வந்தப்போ முன்னுரையிலயே இது இப்போ தப்புன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டார். நீங்க சொன்ன நாலு பதிப்பும் அதே குணம்தான் கடைசிபெஞ்ச், தகவல் மாறினா எழுதினவன் போய்த் திருத்தணும். அதை ஒரு குறையா நீங்க சொன்னீங்க, எனக்கு அதுதான் அவர்கிட்ட இருக்குற பெரிய விஷயம். கொழும்புல இருந்த ஆர்தர் சி. கிளார்க்கும் இவரும் ஒரு ஒப்பந்தமே போட்டுக்கிட்டாங்க, உலகத்துலயே சிறந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் கிளார்க்னு அசிமோவ் சொல்லணும், சிறந்த அறிவியல் எழுத்தாளர் அசிமோவ்னு கிளார்க் சொல்லணும். விளையாட்டாப் போட்டதுதான், ஆனா எந்தப் பட்டத்தை யாருக்குக் குடுத்தாங்கன்னு பாருங்க.

மல்லிகா_டீச்சர்:
பூமி வளைவு கட்டுரையை நான் கிளாஸ்ல எடுத்துருக்கேன். பசங்க அந்த எட்டு அங்குலத்துல அப்படியே நின்னுடுவாங்க, அளவுப் பிழைன்னா என்னன்னு அதுக்கப்புறம் நான் விளக்கவே வேண்டியிருக்காது. எழுதினவர் யாருன்னு கேக்குறப்போ மத்ததையும் சொல்லிடுறேன். போன பேட்ச்ல ஒரு பொண்ணு, அப்புறம் ஏன் மிஸ் இவரைப் படிக்கணும்னு கேட்டா, படிக்காத, கட்டுரை மட்டும் எடுத்துக்கோன்னேன். அவ லைப்ரரியில போய் சூசன் கால்வின் கதைகளை எடுத்துப் படிச்சுட்டு வந்து எங்கிட்டயே ஒரு மணி நேரம் சண்டை போட்டா, இவ்வளவு புத்திசாலியை எழுதினவர் ஏன் அவளைச் சிரிக்கவே விடலைன்னு. ராசா, இதுக்கு உங்ககிட்ட பதில் இருக்கா?

ரோபோ_ராசா:
இல்லைங்க டீச்சர். நியாயமான கேள்விதான்.

கடைசிபெஞ்ச்:
அண்ணே, கட்டுரைக்கு இன்னமும் என் ஓட்டு இல்ல. ஆனா 1972ல வந்த 'தி காட்ஸ் தெம்செல்வ்ஸ்' நாவலோட நடுப்பகுதியை மட்டும் படிச்சுட்டு வாங்க. நம்ம உலகத்துல இருக்கவே முடியாத புளூட்டோனியம் 186ல ஆரம்பிக்கிற கதை, நடுவுல இன்னொரு பிரபஞ்சத்துக்குப் போகுது, அங்க மூணு பாலினம், மூணும் சேர்ந்தாத்தான் ஒரு குடும்பம். அதுல டுவான்னு ஒருத்தி வர்றா, அவ பேரை மாத்திப் போட முடியாது. இத்தனை வருஷம் கட்டுரை எழுதினதுக்குப் பதிலா இந்த மாதிரி இன்னும் பத்து எழுதியிருக்கலாமேங்கற ஆதங்கம்தான் எனக்கு.

விண்கல்:
அந்தப் புளூட்டோனியம் 186 ஏன் இருக்க முடியாதுன்னு அவ்வளவு துல்லியமா யோசிச்சு அதுல இருந்து இன்னொரு பிரபஞ்சத்தையே கட்ட முடிஞ்சதுன்னா, அதுக்கு முன்னாடி பதினாலு வருஷம் கட்டுரை எழுதின கை அது. சனிக்கிழமை மறுபடி படிச்சுட்டு டுவா பத்தித் தனி இழை போடுறேன், அங்க வாங்க.